கழுவும் நீரில் கரைந்த கயிறு

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! இந்தப் பொதுச் சோதனைக்கூடம் எழத் தோள் கொடுத்த ஆன்றோர்களே, சான்றோர்களே! குப்பையில் கோமேதகத்தையும் பூசணத்தில் புதுமையையும் தேடும் ஆய்வறிஞர்களே! நோயுற்றோரின் துணியை நோகாமல் வெளுத்துத் தரும் சலவைக்கூடத் தாய்மார்களே! வாளி ஏந்தி, வானம் ஏந்தி, வடத்தின் நுனியில் வாழ்வை ஏந்தும் என் கண்ணாடி துடைக்கும் தோழர்களே! முன்வரிசையில் காலாட்டிக்கொண்டு, 'இந்த மாமா எப்போது முடிப்பார்' என்று காத்திருக்கும் குழந்தைச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

உயரம் எனக்குப் பழக்கம். முப்பது மாடி உயரத்தில் மூக்கைச் சொறிந்துகொண்டு தொங்கியவன் நான். ஆனால் இடுப்பில் கயிறு இல்லாமல் இந்த மூன்றடி மேடையில் நிற்கும்போது என் கால் நடுங்குகிறது. சிரிக்காதீர்கள் தோழர்களே, மெய்யாகவே நடுங்குகிறது!

'பூஞ்சையில் பிறந்த பாலிமர்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வேதியியல் படித்தவர்கள் வரிசையாக அமர்ந்திருக்க, கண்ணாடி துடைப்பவனை ஏன் அழைத்தார்கள்? காரணம் ஒன்றுதான். அறிஞர்கள் அந்தப் பாலிமரைச் சோதித்தார்கள். அந்தப் பாலிமர் என்னைச் சோதித்தது.

பூசணம் என்றால் நாம் என்ன செய்வோம்? ரொட்டியில் பூத்தால் தூக்கி எறிவோம். சுவரில் படர்ந்தால் சுரண்டி எறிவோம். ஆனால் அதோ, மேடையின் ஓரத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரே, நம் பூஞ்சை ஐயா, அவர் எறியவில்லை. அந்தப் பட்டப்பெயரை நான் வைக்கவில்லை. அவர் பெற்ற மகளே வைத்தது. சோளத்தட்டையிலிருந்து எடுத்த சர்க்கரையைத் தொட்டியில் கரைத்து, அதில் ஒரு பூஞ்சையைப் பிள்ளை போல வளர்த்தார். அது சர்க்கரையைத் தின்றது. தின்றுவிட்டுப் புளிப்பான ஓர் அமிலத்தை உமிழ்ந்தது. அதைக் காய்ச்சி வடித்தால் கற்கண்டுத் தூள் மாதிரி படிகம். அந்தப் படிகத்தோடு தாவர எண்ணெயில் எடுத்த இன்னொரு பொருளைச் சேர்த்துச் சூடேற்றினால், கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு கண்ணிகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. அந்தச் சங்கிலிக்குத்தான் பாலிமர் என்று பெயர். பாகு இழையாயிற்று, இழை நாராயிற்று, நார் முறுக்கேறிக் கயிறாயிற்று! பூமியைத் துளைத்து எண்ணெய் எடுக்காமல், வயலில் மிஞ்சிய தட்டையிலிருந்து ஒரு வடக்கயிறு! கேட்கும்போதே மனம் குளிர்கிறதா இல்லையா? எனக்கும் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில்தான் ஏமாந்தேன்.

என் துணைவியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதோ மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். பூஞ்சை ஐயாவின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஒரே வேலை: அறுப்பது. எது வந்தாலும் இழுவை எந்திரத்தில் மாட்டி, எந்த எடையில் அறுகிறது என்று பார்ப்பது. என் தொழில் கயிற்றை நம்புவது. அவர் தொழில் கயிற்றை நம்பாமல் இருப்பது. இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக் குடும்பம் நடத்துகிறோம்.

அந்தப் புதுக் கயிற்றை அவர் என்ன பாடு படுத்தினார் தெரியுமா? தண்ணீரில் ஊறவைத்து இழுத்தார். வெயில் விளக்கில் வாட்டி இழுத்தார். கல்லில் தேய்த்து இழுத்தார், பனிக்கட்டிப் பெட்டியில் உறையவைத்து இழுத்தார். அத்தனையிலும் தேறியது! கடைசிச் சோதனை, ஆள் தொங்கிப் பார்ப்பது. யார் தொங்குவது? என் கையை நானே தூக்கினேன்.

முந்தின நாள் மாலை அவர் கேட்டார்:

"ஏங்க, நாளைக்கு நீங்க தொங்கப்போறது நான் இழுத்துப் பார்த்த கயிறு. பயமா இல்லையா?"

"நீ இழுத்தே அறுக்க முடியாததை நான் தொங்கியா அறுக்கப்போறேன்?"

"விளையாடாதீங்க. தினமும் சாயங்காலம் கீழ் நுனியில ஒரு முழம் வெட்டி எனக்கு அனுப்பணும். மறுநாள் நான் அதை இழுத்துப் பார்ப்பேன்."

"சரிம்மா, உன் தம்பி கையிலேயே கொடுத்தனுப்புறேன்."

அவருடைய தம்பி, என் மச்சான், மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டிக் காவல் நிற்பவன். எங்கள் தொழிலில் இரண்டு கயிறு: ஒன்றில் தொங்குவோம், மற்றது காப்புக்கு. சோதனை என்பதால் இரண்டுமே பூஞ்சைக் கயிறு. இடம், ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த தெருவில் இருக்கும் உயரமான அலுவலகக் கட்டடம். முதல் நாள் வேலை முடிந்தது. கயிறு கைக்கு மெத்தென்று இருந்தது, முடிச்சு இளகவில்லை. "மாமா, இது கயிறா பட்டா?" என்றான் மச்சான். அன்றைய துண்டும் எந்திரத்தில் தேறியது. இரண்டாம் நாள் துண்டும் வெட்டி அனுப்பினோம். மூன்றாம் நாள் காலை நான் மேலிருந்து இறங்கத் தொடங்கிய அதே வேளையில், அங்கே என் மனைவி அந்தத் துண்டை எந்திரத்தில் மாட்டினார்.

எந்திரத்தின் முள் எழும்பவில்லை. அதற்குள் கயிறு அறுந்துவிட்டது.

"ஐயா, மிஷின்ல ஏதோ கோளாறு" என்றார்.

"பிடி சரியா மாட்டியிருக்காதும்மா. இன்னொரு தடவை போடுங்க" என்றார் பூஞ்சை ஐயா.

மீதித் துண்டைப் போட்டார். அதுவும் அறுந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பழைய நைலான் கயிற்றை மாட்டினார். முள் விறுவிறுவென்று ஏறியது, நைலான் அசையவில்லை. எந்திரம் சரி! அப்படியானால்? அறுந்த நுனியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஐயா... இது எங்க வீட்டு வாசனை."

"என்னம்மா சொல்றீங்க?"

"தினமும் அவர் சட்டையில வர்ற வாசனை. கண்ணாடி கழுவுற தண்ணி."

பூஞ்சை ஐயாவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்ததாம். "அது காரமாச்சே! தண்ணியில போட்டோம், வெயில்ல போட்டோம்... அதுல போடவே இல்லையேம்மா!"

காரம் என்றால் மிளகாய்க் காரம் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் சோப்புத் தண்ணீரில் கலக்கிறோமே, கையை உரிக்குமே, அந்தக் காரம். அமிலத்தில் பிறந்த அந்தச் சங்கிலிக்குக் காரம்தான் கத்தரி! கைகோத்து நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கைவிடச் செய்வது அதுதான். என் வாளியிலிருந்து சொட்டியது எங்கே விழும்? எனக்குக் கீழே தொங்கும் கயிற்றின் மேல். முந்தின இரண்டு நாளும் சொட்டியது எங்கே ஊறியது? நான் இனி இறங்கப்போகும் பகுதியில். எனக்கு மேலே இருந்த கயிற்றில் சாரல் பட்டிருந்தது. கீழே இருந்தது கஞ்சியில் ஊறிய நூலாகக் காத்திருந்தது. நானோ வேலைக்காரன், அங்குலம் அங்குலமாக அதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன், பாட்டுப் பாடிக்கொண்டே!

என் மனைவி தம்பிக்கு ஃபோன் அடித்தார். மொட்டை மாடியில் குளிர்பதன எந்திரங்களின் பெரிய பெரிய காற்றாடிகள் இரைகின்றன, அவனுக்குக் கேட்கவில்லை. என் ஃபோனோ அவன் பையில். அறுந்த துண்டைக் கையில் பிடித்தபடி, அந்த நைலான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். "நீங்க போங்கம்மா, நான் தீயணைப்புக்குச் சொல்றேன்!" என்று பின்னாலேயே கத்தினார் ஐயா.

தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் நான் எறும்பு மாதிரி தெரிகிறேன். கத்தினால் காது கேட்குமா? லிஃப்டில் ஏறி மொட்டை மாடிக்குப் போனார். கதவு அந்தப் பக்கம் தாழிட்டிருக்கிறது. ஏன் தாழ்? யாரும் வந்து கயிற்றைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக! பாதுகாப்புக்குப் போட்ட தாழ் அன்றைக்குப் பாதையை அடைத்தது. கை வலிக்கத் தட்டினார். காற்றாடி இரைச்சலில் உடன்பிறந்தவன் காதில் அது விழவில்லை. மறுபடி கீழே ஓடி, நான் தொங்கும் மாடியைத் தேடி, ஓர் அலுவலக அறைக்குள் புயலாய் நுழைந்தார். பத்துப் பேர் மேசையைச் சுற்றிக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி நான் கண்ணால் கண்டது.

கண்ணாடிக்கு வெளியே நான். உள்ளே, பளபளக்கும் மேசையின் மேல் செருப்புக் காலோடு ஒரு பெண் ஏறி நிற்கிறாள். உற்றுப் பார்த்தால் என் பெண்டாட்டி! எனக்கு அதிர்ச்சி. வேலை செய்வதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்துவிட்டாள் என்று நினைத்து, நான் கையாட்டி, காலை உதைத்து, ஒரு ஊஞ்சலாட்டம் ஆடிக் காட்டினேன். ஐயோ, அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வாயைத் திறந்து கத்துகிறார். இரட்டைக் கண்ணாடி, ஒரு சத்தமும் வரவில்லை. வெள்ளைப் பலகையில் எழுதும் பேனாவைப் பறித்து, கண்ணாடியில் பெரிதாக எழுதினார். 'அசையாதே' என்று எழுதினாராம். உள்ளேயிருந்து எழுதினால் வெளியே எப்படித் தெரியும்? இடம் வலமாய்த் திரும்பி, புழு நெளிகிற மாதிரி தெரியும். எனக்கு எழுத்தென்றே தோன்றவில்லை, கறை என்று தோன்றியது. கறையைக் கண்டால் கண்ணாடி துடைப்பவன் என்ன செய்வான்?

ஆமாம் அம்மா, நீங்கள் வாயைப் பொத்துவது சரிதான். துணியை வாளியில் நன்றாக முக்கி, உடம்பை முன்னுக்குத் தள்ளி, அந்தக் கறையைத் தேய்க்க ஆரம்பித்தேன்! காரத் தண்ணீர் கயிற்றின் மேல் தாரை தாரையாக வழிய, என்னைக் காப்பாற்ற எழுதிய எழுத்தை அழிக்க நானே அழுத்தி அழுத்தித் தேய்த்தேன்!

அப்போது அவர் எழுதுவதை நிறுத்தினார். அறுந்த அந்த ஒரு முழத் துண்டைக் கண்ணாடிக்கு நேராக உயர்த்தினார். இரண்டு கையாலும் பிடித்தார். இழுத்தார். எந்திரம் வேண்டியிருக்கவில்லை தோழர்களே. வெறுங்கையால், வேகவைத்த கீரைத்தண்டைப் பிய்க்கிற மாதிரி பிய்ந்து வந்தது. பிய்ந்த இரண்டு நுனியையும் எனக்குக் காட்டிக்கொண்டே அழுதார்.

என் கையிலிருந்த துணி நின்றது. என் மூச்சு நின்றது. மெதுவாக, கழுத்தை மட்டும் நிமிர்த்தி, மேலே பார்த்தேன். என் எடையைத் தாங்கி நின்ற கயிற்றில், என் தலைக்கு மேலே ஒரு கை உயரத்தில், இழை இழையாக நார் சிலும்பிக்கொண்டிருந்தது.

எத்தனை ஆண்டுகள் தொங்கியிருப்பேன்! ஒருநாளும் கீழே பார்த்து நான் பயந்ததில்லை. அன்றைக்கு மேலே பார்த்துப் பயந்தேன்.

அந்த அலுவலகத்தில் ஒரு பெரியவர் சாவியைக் கொண்டுவந்து மேல் சன்னலைத் திறந்தார். கை நுழைகிற அளவுதான் திறக்கும். நைலான் கயிற்றின் ஒரு நுனியை அறைக்குள் இருந்த தூணில் சுற்றிக் கட்டி, மறு நுனியை அந்த இடுக்கு வழியாக என் மனைவி வெளியே விட்டார். குரல் இப்போது கேட்டது.

"ஏங்க, ஆடாதீங்க. எட்டிப் பிடிக்காதீங்க. நானே கொண்டுவர்றேன்."

"சரிம்மா."

"பேசாதீங்க!"

"சரி."

"பேசாதீங்கன்னேன்ல!"

மரணத்தின் வாசலிலும் திட்டு வாங்கினேன். கயிறு மெல்ல ஊர்ந்து வந்து என் இடுப்பில் உரசியது. கொக்கியை மாட்டினேன். கொக்கி 'கிளிக்' என்றது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மேலே இருந்தது அறுந்தது. அறும்போது 'படீர்' என்று கேட்கும் என்றுதானே நினைப்போம்? ஒரு சத்தமும் இல்லை. யாரோ தோளிலிருந்து கையை எடுத்த மாதிரி இருந்தது. காப்புக்கயிறு ஒரு நொடி தாங்கியது, அதுவும் போயிற்று. நான் சரிந்தேன். நைலான் என்னை வெடுக்கென்று பிடித்து நிறுத்தியது. கீழே நடைபாதையைத் தடுப்பு வைத்து அடைத்திருந்தோம். வாளி மட்டும் விழுந்து நொறுங்கியது.

ஆனால் அன்றைய நாளில் என்னைவிடப் பெரிய அதிர்ச்சி வேறொருவனுக்கு. மொட்டை மாடியில் மச்சான் கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறான். கனம் இல்லை. இழுக்கிறான். வெறுமனே வருகிறது. கடைசியில் அறுந்த நுனி அவன் கைக்கு வருகிறது. அக்காள் கணவர் போய்விட்டார் என்பதைத் தவிர அவனுக்கு வேறு என்ன தோன்றும்? எட்டிப் பார்க்கக் கூடத் தைரியமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தீயணைப்புக்காரர்கள் கண்ணாடியை அறுத்து என்னை உள்ளே இழுத்துப் போட்ட பிறகு, யாரோ போய் அவனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். உயிரோடு உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்தான். பக்கத்தில் வந்து என் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "மாமா, அக்காகிட்ட என்ன சொல்லுவேன்னு யோசிச்சுட்டு இருந்தேன்" என்றான். அவனுடைய அக்காள் அவனுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

இதன் பிறகு நடந்ததைச் சொல்லாமல் போனால் இந்த மேடைக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். மறு வாரம் அந்தக் கயிற்றை வெளியிடும் விழா. பெரிய பெரிய நிறுவனத்தார் வருகிறார்கள். என் மனைவி, "ஐயா, நான் தேறிடுச்சுன்னு சொன்ன கயிறு. இனி நான் எந்த மூஞ்சியோட இங்க வேலை பார்ப்பேன்?" என்றார். பூஞ்சை ஐயா சொன்னார்: "நீங்க சோதிச்சது அத்தனையும் சரிதான்மா. எதுல சோதிக்கணும்னு சொன்னது நான். கயிறு செடியில பிறந்ததுன்னு நமக்கு ஒரு மயக்கம். அது எங்க போய் வேலை செய்யப்போவுதுன்னு நான் ஒரு நாள் கூடப் போய்ப் பார்க்கலை."

விழாவை அவர் நிறுத்தவில்லை. ஒலிவாங்கிக்கு முன் வந்தார். அறுந்த நுனியை உயர்த்திக் காட்டினார். "இந்தக் கயிறு அறுந்துவிட்டது. ஒரு மனிதர் அதில் தொங்கிக்கொண்டிருந்தார். இதை வாங்காதீர்கள்" என்றார். தன் பிள்ளையைத் தானே சாட்சிக் கூண்டில் ஏற்றிய தகப்பனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசி வரிசையில் மட்டும் ஒரு பெண்மணி எழுந்தார். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்துக்குப் பொறுப்பாளர். இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கும் சலவைக்கூட அக்கா!

"ஐயா, ஒரு சந்தேகம். சோப்புக் காரத்துல ஊறினா இந்த நூல் தானா விட்டுப்போயிடுமா?"

"ஆமாம்மா. அதுதான் குறையே."

"குறையா? எங்க சலவைக்கூடத்துப் பிள்ளைங்க ரத்தமும் சீழுமான துணியைப் பையிலிருந்து கையால அள்ளிப் போடுறாங்க. பையை இந்த நூலால தைச்சா, கட்டினபடியே மிஷின்ல போட்டுடலாமே! உள்ள போய்த் தானா பிரிஞ்சுக்குமே!"

பூஞ்சை ஐயா மேடையிலிருந்து இறங்கி, காலி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு அவரிடம் போனார். "எந்தச் சோப்பு? எவ்வளவு சூடு? எவ்வளவு நேரம் ஊறும்? நாளைக்கு நாங்க வந்து பார்க்கலாமா?" என்று கேட்டார்.

போனார்கள். பார்த்தார்கள். முதல் பை, துணி எந்திரத்துக்குள் போகும் முன்பே சோப்பு ஈரக் கையில் பிரிந்தது. அடுத்தது எவ்வளவு வெளுத்தாலும் பிரியவே இல்லை. பிரிந்த நூல் சாக்கடைத் தண்ணீரில் என்ன ஆகிறது, மீனுக்குக் கேடா என்று என் மனைவி தனியே சோதித்தார். அதற்காக ஒரு முறை எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்தார்கள். இன்று அந்தப் பை அந்தச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறது. அழுக்குத் துணியைத் தொட்டுத் தொட்டுப் புண்ணான கைகள் ஆறிக்கொண்டிருக்கின்றன. ஆள் தொங்கும் கயிறு? இன்னும் ஆகவில்லை. ஆகும் என்கிறார் ஐயா. ஆகட்டும். அதுவரை நான் நைலானில் தொங்குகிறேன். அதை ஒளிக்க நான் வரவில்லை.

அறிஞர் பெருமக்களே! நல்லதிலிருந்து பிறந்ததெல்லாம் நல்லது செய்துவிடுமா? செடி தந்தது என்பதால் அது நம்மைத் தாங்கிவிடுமா? பூமிக்கு இதமானது என்பதால் அதில் தொங்குகிறவன் உயிருக்கும் இதமாகிவிடுமா? எதில் பிறந்தது என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, யார் கையில் போகும், எந்தத் தண்ணீரில் நனையும், எந்த உயிர் அதில் தொங்கும் என்றும் கேளுங்கள்! அதைக் கேட்பதற்காகத்தான் இந்தக் கூடம். ஆகவே தோழர்களே, தாய்மார்களே, இன்றிலிருந்து இதன் கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. சமையற்காரரே, உங்கள் கொதிக்கும் எண்ணெயைக் கொண்டு வாருங்கள்! சாயப்பட்டறைக்காரரே, உங்கள் சாயத்தைக் கொண்டு வாருங்கள்! முடி திருத்துகிறவரே, உங்கள் நுரையைக் கொண்டு வாருங்கள்! உங்கள் வியர்வையை, உங்கள் கறையை, உங்கள் வாளியைக் கொண்டு வாருங்கள்! அவற்றில் முக்கி எடுத்த பிறகும் தாங்குகிறதா என்று பார்க்கட்டும். அறுவதாக இருந்தால் இந்த நான்கு சுவருக்குள் அறுந்துபோகட்டும். எந்த வீட்டிலும் ஒரு பெண் மேசை மேல் ஏறி நின்று அழக் கூடாது!

இவ்வளவு நேரம் செவி கொடுத்தீர்கள். இடையில் சிரித்தீர்கள், சில இடங்களில் என்னோடு சேர்ந்து மூச்சையும் அடக்கினீர்கள். பொறுத்தருளிய தலைவருக்கும், சாவி கொண்டுவந்த அந்தப் பெயர் தெரியாத பெரியவருக்கும், மூன்றாம் வரிசையில் இன்னும் தலை நிமிராமல் இருக்கும் என் துணைவியாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, எல்லோரும் இன்று மாலை முழு உடம்போடு வீடு போய்ச் சேர வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!